கம்பளிக்குள் பயறு

1

இந்தக் கதை ஒரு மணத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. லுசாக்காவில் நாங்கள் குடியிருக்கும் வளவில் அடுத்த வீட்டுக் கரியடுப்பு அணைந்து கிடந்தது. ஆனால் பயறு வேகும் மணம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கட்டிலின் மேல் கம்பளி சுற்றிய பானை. சற்று நேரம் கொதிக்கவைத்து இறக்கி, இறுகச் சுற்றிவிட்டால், மீதி தன் சூட்டிலேயே வெந்துகொள்ளும். கரி மிச்சம். அவ்வளவுதான் உண்மை. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

முதல் தொடக்கம்: ‘நாட்டின் பொருளாதாரம் சரிந்தபோது...’

(அடித்துவிட்டேன். நாடு சரிவதை யாரும் பார்ப்பதில்லை. எண்ணெயைப் புட்டியாக வாங்கியவர்கள் பொட்டலமாக வாங்குவதைத்தான் பார்க்கிறோம்.)

இரண்டாவது: சிலேஷேயும் அவள் கணவன் கபாசோவும் ஒரே தேயிலைப் பையில் காலைத் தேநீரையும் மாலைத் தேநீரையும் முடித்தார்கள். கபாசோ வேலைக்கு நடந்தே போனான். இறைச்சியை நிறுத்தினார்கள். பிறகு குழந்தையை.

(இந்த வாக்கியத்தை மென்மையாக்கப் பார்த்தேன். முடியவில்லை.)

“கரி விலை இறங்கட்டும் சிலேஷே, அப்புறம் பெத்துக்கலாம்.”

“அது இறங்குறதுக்குள்ள எனக்கு நரைச்சுடும்.”

“நரைச்சா சாயம் வாங்கணும். அதுவும் செலவு.”

அவள் சிரித்தாள். (சிரித்திருப்பாளா? ஐயம்தான். இருக்கட்டும்.)

3

கபாசோவின் அக்கா முசொண்டா கிட்வே நகரத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று கல்யாணத்தன்றே மஞ்சள் கம்பளி கொடுத்தவள். வீட்டிலிருந்த துணிகளில் அதுதான் கனமானது, சூடு போகாது. அதனால்தான் சிலேஷே அதைப் பானைக்குச் சுற்றியிருந்தாள்.

குழாயடியிலிருந்து வாளியோடு அவள் திரும்பியபோது, முசொண்டா செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கையறை வாசலில் நின்றாள். கண் கட்டிலில் இருந்த மஞ்சள் பொதியின் மேல்.

“அடிப்பாவி, ஒரு வார்த்தை சொன்னியா?” என்றாள், குரலைத் தாழ்த்தி. “நீங்க ரெண்டு பேரும் கஞ்சம்னு தெரியும். அதுக்காகப் பிள்ளை பொறந்த சேதியையுமா மிச்சம் பிடிப்பீங்க?”

“அண்ணி, அது வந்து...”

“மெதுவாப் பேசு, முழிச்சுக்கும். என்ன பேரு? இனிமே உன்னைச் சிலேஷேன்னு கூப்பிட்டா ஊரு என்னைப் பார்த்துத்தான் சிரிக்கும். பனா... சொல்லு, பனா யாரு?”

எங்கள் பக்கம் பெற்றவளைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பனா என்றால் இன்னாரின் அம்மா. வளவில் குழாயடிக்கு வரும் மற்ற பெண்கள் எல்லோரும் பனா. இவள் மட்டும் சிலேஷே.

[இந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லி, இருவரும் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும் என்றுதான் திட்டமிட்டிருந்தேன்.]

“இன்னும் பேர் வைக்கல அண்ணி,” என்றாள் சிலேஷே.

“அதானே! நான் வராம எப்படி வைப்பீங்க? தண்ணி ஊத்து. பஸ் கம்பியைப் பிடிச்ச கையோட பிள்ளையைத் தொடக் கூடாது.”

4

ஒரு முடிவில் கபாசோ உள்ளே வந்து, “பயறு வெந்துருச்சா?” என்கிறான். வேண்டாம், அது துணுக்கு.

இன்னொன்றில் முசொண்டா கம்பளியை விலக்கிப் பார்க்கிறாள், மறுபடி மூடிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பயறை யார் சாப்பிடுவது?

மூன்றாவதில், அன்று மாலை கபாசோ ‘கரி விலை’ என்று வாயெடுக்கும் முன்பே சிலேஷே...

(முடிக்கவில்லை. அவள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அவன் பதில் தெரியவில்லை.)

இப்போதைக்கு, முசொண்டா கைகழுவி முடித்துவிட்டாள். விரல் நுனியில் நீர் சொட்டுகிறது. கம்பளியின் மடிப்பிலிருந்து மணம் மெல்லக் கசிகிறது.

“துண்டு எங்கே, பனா?” என்கிறாள். பிள்ளையின் பெயர் இல்லாமல், வெறும் பனா.

அந்த வீட்டில் துண்டு எங்கே இருக்கிறது என்று நான் எழுதவில்லை. எழுதப்போவதும் இல்லை. துடைத்த கை அடுத்து கம்பளிக்குத்தான் போகும். சிலேஷே தேடிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு எப்போது மனம் வருகிறதோ, அப்போது எடுத்துக் கொடுங்கள்.