நல்லாப் பேசுகிற மாப்பிள்ளை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த நாகையாவுக்கு சனிக்கிழமைப் படமும் கந்தையாவும் சேர்ந்தே இருக்கவேண்டும். ஒன்றில்லாமல் மற்றது ருசிக்காது. படமோ ஊமைப்படம், இடையிடையே திரையில் வருவதெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக் கந்தையாதான் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தமிழில் படித்துச் சொல்லுவான். கடலை வாங்குவது நாகையாவின் வேலை. முக்கால்வாசியைத் தின்பது கந்தையாவின் வேலை.

அந்தக் கந்தையாவுக்கு நாற்பதை நெருங்கும் வயதில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் பூமணியின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மனுஷன் சீப்பைக் கீழே வைக்கவில்லை. பெண்ணின் தகப்பனார் சண்முகரத்தினம், மகளோடு அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து தம்பி வீட்டில் தங்கியிருந்தார். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க அவர் பட்டறை வாசலில் பிடித்த ஆள் நாகையா.

நாகையாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கந்தையாவா? தங்கமான மனுஷன் ஐயா. பெரியவங்க சின்னவங்கன்னு பார்க்க மாட்டாரு, யாரா இருந்தாலும் நல்லாப் பேசுவாரு. ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரு. கட்டிக்கப் போற பொண்ணு குடுத்து வச்சவ, விடிஞ்சதுலேர்ந்து பேசிக்கிட்டே இருப்பாரு."

சண்முகரத்தினம் குடையை இடுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் கந்தையா வந்து நின்றான். "என்னைப் பற்றி என்னடா சொன்னனீ? சம்பந்தம் வேண்டாமெண்டு ஆள் அனுப்பிப்போட்டார்."

"நல்லாப் பேசுவேன்னுதானே சொன்னேன்."

கந்தையா தலையில் கை வைத்துக்கொண்டான். "எங்கட ஊரிலை பேசுறது எண்டால் திட்டுறது, விசரா. நீங்கள் பேசுறதை நாங்கள் கதைக்கிறது எண்டு சொல்லுவம்."

"நான் போய் விளக்கிச் சொல்றேன்."

"நீ இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை. என்னோடையும் கதையாதை."

மாப்பிள்ளையே நேரில் போய் 'நான் திட்டமாட்டேன்' என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? சம்பந்தம் போயே போய்விட்டது. நாகையாவுக்குச் சிநேகிதனும் போய்விட்டான்.

சனிக்கிழமை தனியாகப் போய் உட்கார்ந்தான். ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் இரண்டு சிநேகிதர்களின் சிரிப்புப் படம். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு எழவும் புரியவில்லை. திரையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு குலுங்கினான். சிரிக்கிறானாக்கும் என்று நாகையாவும் உரக்கச் சிரித்து வைத்தான்.

பின் பெஞ்சில் இருந்த கந்தையாவுக்குப் பொறுக்கவில்லை. "எடே கழுதை, அவன் அழுறான். சிநேகிதனோடை கோவிச்சுப்போட்டு அழுறான்." பெஞ்சைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம் ஒரு வரி படிப்பதும் ஒரு திட்டு திட்டுவதுமாகக் கடைசிவரை ஓய்வில்லை. நாகையா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடலையை நீட்டினான். இவ்வளவு சந்தோஷமாக அவன் எந்தப் படமும் பார்த்ததில்லை.

விளக்கு எரிந்தது. கந்தையா எழுந்துவந்த பெஞ்சுக்கு நேர் பின்னால் சண்முகரத்தினம். பக்கத்தில் பூமணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி. கந்தையாவுக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

"இவ்வளவு பேச்சு வாங்கியும் உவர் எழும்பிப் போகேல்லை," என்றார் சண்முகரத்தினம், நாகையாவைக் காட்டி. "அப்பிடியொரு சிநேகிதன் இருக்கிறான் எண்டால் நீர் நல்ல ஆளாய்த்தான் இருக்கவேணும் தம்பி. நாளைக்கு வீட்டை சாப்பிட வாரும். உவரையும் கூட்டிக்கொண்டு வாரும்."

நாகையா நன்றி சொல்ல வாயைத் திறந்தான்.

"ஆனால் சாப்பிடுறதுக்கு மட்டும்தான் உவர் வாயைத் திறக்கவேணும்."