டேக் வாத்தியார் பெண் கொடுத்த நாள்

துருக்கியின் குத்தாஹ்யா ஊரில் முவம்மர் வாத்தியாரைத் தெரியாதவர் என்றால், அவர் அரசாங்க மொழித் தேர்வு எழுதாதவராகத்தான் இருக்க வேண்டும். பதவி உயர்வுக்கு அலையும் டாக்டர், பேராசிரியர் ஆகத் துடிக்கும் விரிவுரையாளர், வெளிநாட்டுப் பணிக்கு ஆசைப்படும் ராணுவ அதிகாரி, எல்லாரும் அவருடைய பயிற்சி மையத்தின் பெஞ்சைத் தேய்த்தவர்கள்தான். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு ஆங்கிலச் சொல். அது ‘டேக்’. அந்த ஒரு சொல்லை ஒரு வாரம் நடத்துவார்.

‘எடுப்பது’ என்று மனப்பாடம் செய்து தொலைக்காதீர்கள் என்றுதான் ஆரம்பிப்பார். துருக்கிக்காரன் பஸ்ஸில் ஏறுகிறான், மாத்திரையைக் குடிக்கிறான், போட்டோவை இழுக்கிறான், பரீட்சைக்குள் நுழைகிறான். ஆங்கிலேயனுக்கு இந்தச் சிரமமெல்லாம் கிடையாது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான், நம்மிடம் சைப்ரஸை எடுத்த மாதிரி. வகுப்பு சிரிக்கும். பிறகு கரும்பலகை நிறைய கிளைவிட்டுப் படம் வரைவார்: நேரம் பிடிப்பது, பொறுப்பு ஏற்பது, விமானம் கிளம்புவது, தகப்பனைப் போலப் பிள்ளை இருப்பது. ஒவ்வொன்றுக்கும் துருக்கியில் தனித்தனியாக ஒரு சொல்லை எதிரே நிறுத்துவார். அவரிடம் படித்தவர்கள் தேர்வில் தோற்றதாகச் சரித்திரம் இல்லை.

ஆனால் அந்தத் தேர்வு முழுக்கக் காகிதத்தில் நடப்பது. ஐந்து விடைகளில் ஒன்றின் வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். காதால் கேட்க வேண்டாம், வாயைத் திறக்க வேண்டாம். நாடே இப்படித்தான் இங்கிலீஷ் படித்தது. வாத்தியார் மட்டும் எப்படி விதிவிலக்காக முடியும்? ஆங்கிலத்தை அவர் கண்ணால் கற்றார், கண்ணாலேயே கற்பித்தார். பீங்கான் ஓடுகளின் அருங்காட்சியகத்துக்கு வழி கேட்டு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி தெருவில் நெருங்கியபோது, தனக்கு ஒரு வேலையும் இல்லாத மருந்துக்கடைக்குள் புகுந்து இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்த மனிதர் அவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள் பெர்ரின். ஆய்தின் நகரில் பூமிக்கடியிலிருந்து வெந்நீர் எடுத்து மின்சாரம் தயாரிக்கும் நிறுவனத்தில் என்ஜினீயர். கூட வேலை பார்த்த நியூசிலாந்துக்காரன் கேலத்தை விரும்பினாள். மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி பெண் கேட்க வருவதாகச் செய்தி வந்ததும், வாத்தியாரின் மனைவி சாதெத் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். பையன் எந்த நாட்டுக்காரனாக வேண்டுமானாலும் இருக்கட்டும், பெண் இந்த மண்ணில்தான் இருக்க வேண்டும். அதை மாப்பிள்ளையின் தகப்பன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். “எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்தி. உலகத்தோட அந்தக் கோடியில கொண்டுபோய் வச்சுட்டா நான் செத்தாக்கூட மண்ணு போட வர மாட்டா. கேட்டு வாக்கு வாங்குங்க” என்றாள்.

பெண் கேட்க வரும்போது பெண் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருப்பாள். பேச்சு பெரியவர்களுக்குள் நடக்கும். அதனால் தன் தோழி ஒருத்தியை மொழிபெயர்க்க அழைத்து வருவதாகப் பெர்ரின் போனில் சொன்னாள். வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார். மாப்பிள்ளை பேசட்டும் என்றால், பெண் கேட்கிற இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறப்பது மரியாதையில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். பூங்கொத்து, வெள்ளித் தட்டில் சாக்லேட், எல்லாம் முறைப்படி. கேலத்தின் தகப்பன் கிரேம் மாட்டுப் பண்ணைக்காரர், வெயிலில் வெந்த முகம், பெரிய கைகள். அம்மா லோர்னா சாதெத்தின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. மூலையில் சாதெத்தின் தம்பி ரசீம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். “மச்சான் இங்கிலீஷ் பேசிக் கேக்கணும்னு கல்யாணமான நாள்லேருந்து காத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்குத்தான் கொடுப்பினை” என்றான். வாத்தியார் சிரித்து வைத்தார்.

முதலில் கிரேம்தான் எழுந்தார். ‘அல்லாஹ்வின் ஆணைப்படி, நபியின் வாக்குப்படி உங்கள் பெண்ணை எங்கள் பையனுக்குக் கேட்கிறோம்’ என்று பெண் கேட்கும் வாசகத்தைத் துருக்கியிலேயே மனப்பாடம் செய்து வந்திருந்தார். நபி நசுங்கினார், பெண் பன்மையானாள், பாதியில் மறந்து மகனைப் பார்த்தார். ரசீம் வாய்விட்டுச் சிரித்தான். கிரேமும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து முடித்தார். அந்த நிமிடமே அந்த மனிதரை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

சாதெத் கண்ணைக் காட்டினாள். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று பழகி வைத்திருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்: திருமணத்துக்குப் பிறகு எங்கள் மகள் எந்த நாட்டில் வசிப்பாள் என்று உங்கள் வாயால் அறிய விரும்புகிறோம். இலக்கண சுத்தம். ஒரு பிசிறு இல்லை.

அதுதான் வினையாயிற்று. இப்படிப் பேசுகிறவருக்கு என்ன புரியாமல் போகும் என்று கிரேம் நம்பிவிட்டார். மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்தார். பண்ணைக்காரர்களின் பேச்சு; சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பாதியில் விழுங்கப்பட்டு வந்தன. வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். காகிதத்தில் இருந்தால் ஒரு மூச்சில் படித்திருப்பார். காற்றில் ஒன்றும் பிடிபடவில்லை. ‘பெர்ரின்’ என்று நாலைந்து தடவை கேட்டது. ‘இதயம்’ என்று ஒரு தடவை. மனிதர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்; அன்பைச் சொல்கிறார் போலும். வாத்தியார் தலையாட்டினார். ஒருமுறை ஆட்டியபின் நிறுத்த முடியவில்லை. கடைசியில் கிரேம் எதையோ கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். லோர்னாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்கான வாக்கியங்களைப் பாடமாகவே நடத்தியிருக்கிறார். ஆனால் மூலையில் ரசீம் இருந்தான்.

“ஆஃப் கோர்ஸ்” என்றார் வாத்தியார். நிச்சயமாகவா என்பதுபோல் கிரேம் மறுபடி கேட்டார். “ஷ்யூர், ஷ்யூர்” என்றார். கிரேமின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார்.

“என்னங்க சொல்றாரு?” என்றாள் சாதெத்.

“இங்கேயேதான் இருப்பாங்களாம். கவலையே படாதீங்கங்கறார்.”

சாதெத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. லோர்னாவைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கிய பக்லாவா போதாதென்று பெருநாளுக்காக வைத்திருந்ததையும் எடுத்து வந்தாள்.

பெர்ரின் காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்க, வழக்கப்படி அவனுக்கு மட்டும் உப்புப் போட்ட காப்பி. கேலம் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தான். கிரேம் அவளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் அப்படியே நின்றாள். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நேரே அப்பாவிடம் வந்து, அவர் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள்.

“நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா. கேலம் அப்பாவுக்கு இதயத்துல ரெண்டு ஆபரேஷன் ஆயிடுச்சு, பண்ணையைப் பாக்க ஆளில்ல. கேலம் போய்த்தான் ஆகணும். உங்ககிட்ட கேக்க எனக்கு வாய் வரல. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா இங்கேயே இருந்துடறோம்னு அவர்கிட்டயும் சொல்லிதான் கூட்டிட்டு வந்தேன். அதைத்தான் அவர் உங்ககிட்ட கேட்டது.”

“எங்கேடி போறே?” என்றாள் சாதெத்.

பெர்ரின் அப்பாவையே பார்த்தாள். எதற்குத் தலையாட்டினோம் என்று வாத்தியாருக்கு இப்போதுதான் விளங்கியது. ஒரு வார்த்தை போதும், இன்னும் காலம் கடந்துவிடவில்லை. எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் இந்தப் பெண் ஆய்தினில் இருப்பாள், பெருநாளுக்குப் பெருநாள் வருவாள். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“என்ன மச்சான்,” என்றான் ரசீம் மெதுவாக, “அக்காகிட்ட வேற மாதிரியில்ல சொன்னீங்க?”

“விருந்தாளிங்க முன்னாடி உங்கக்கா அழுவாளேன்னு சொன்னேன்” என்றார் வாத்தியார். “நான் சரின்னுட்டேன். படிச்ச பொண்ணு. போகட்டும்.”

சிவப்பு நாடாவில் கோர்த்த மோதிரங்களை இருவர் விரலிலும் போட்டார்கள். நாடாவை வெட்டுவது பெரியவர் வேலை. கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தார்கள். வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள், சாதெத்தைத் தவிர.

விருந்தாளிகளை வழியனுப்பப் பெர்ரின் கீழே போயிருந்தாள். ரசீமும் கிளம்பிவிட்டான். சாதெத் சமையலறையில் எச்சில் கோப்பைகளின் முன்னால் நின்றாள். வாத்தியார் வாசற்படியோடு நின்றுவிட்டார்.

“உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். உங்க முகம் எனக்குத் தெரியாதா?” என்றாள் திரும்பாமலே. “அவர் பேசினது ஒண்ணும் புரியலைன்னு சொல்லுங்க. இப்பவே கீழ போய் நான் அவ கால்ல விழுந்து நிறுத்தறேன். உங்களையும் மன்னிச்சிடறேன். புரிஞ்சுதான் தலையாட்டினீங்கன்னா, தெரிஞ்சே என் பொண்ணைத் தூக்கிக் குடுத்துட்டு எங்கிட்ட பொய்யும் சொல்லியிருக்கீங்க. அதை என்னை மண்ணுல வைக்கற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். எது?”

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“எல்லாம் புரிஞ்சுது” என்றார் முவம்மர் வாத்தியார்.