பச்சைப் பட்டை

கூடக் காசு கொடுத்தால் வரிசையில் நிற்காமல் நேராகப் போய் ஏறிக்கொள்ளலாம் என்று ராட்டினப் பூங்காக்களில் ஒரு பாஸ் விற்கிறார்களே, அதை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் கண்ணுகளா? வாங்கினவன் ஒன்று சொல்வான், வாங்காதவன் ஒன்று சொல்வான். ஆனால் அந்தப் பாஸைக் கையில் கட்டிக்கொண்டு, 'ஐயோ, வரிசை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா' என்று தவித்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் கதையைச் சொல்கிறேன், கிட்ட வந்து உட்காருங்கள்.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர் முகத்துக்கு ஏற்ற ஃபிரேம் எடுத்துக் கொடுப்பாள். காதில் இடிக்கிற கம்பியைச் சூடு காட்டி வளைத்துத் தருவாள். கண்ணாடிக்காரி என்றே வைத்துக்கொள்வோம். புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டில் மாமியார். படித்துக்கொண்டிருக்கும் நாத்தனார் ஒருத்தி, வாயைத் திறந்தால் வெடிப்பாள் என்பதால் பட்டாசு என்று பேர்.

கண்ணாடிக்காரி முழுகாமல் இருந்தாள். அது அவளுக்கும் ஒரு டாக்டரம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

நல்ல சேதியை எதற்கு மறைக்க வேண்டும்? சொல்கிறேன். இதற்கு முன் இரண்டு தடவை இப்படித் தங்கி, இரண்டு தடவையும் கலைந்து போயிற்று. முதல் தடவை காலையில் புருஷனிடம் சொன்னாள்; சாயங்காலத்துக்குள் ஒர்க்ஷாப் முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டான். நல்லவன்தான். ஆனால் கதவு சரியாக மூடாத ஃபிரிட்ஜ், உள்ளே எதை வைத்தாலும் வெளியே வந்துவிடும். இரண்டாம் தடவை மாமியார் முந்திக்கொண்டு தெருவுக்கே சொன்னாள். பிறகு அது இல்லை என்று ஆனதும் அதே தெரு திரும்பி வந்தது, ஆறுதல் சொல்ல. 'வயசு இருக்கு, விடும்மா' என்று வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இவளேதான். அழுதவர்களைத் தேற்றியதும் இவள்தான். தன் பங்குக்கு அழ அவளுக்கு இடமே கிடைக்கவில்லை. அதனால் இந்தத் தடவை வயிறு தானாகத் தெரிகிற வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

"குலுங்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் புருஷன், "லீவு நாள்ல நாலு பேரும் ராட்டினப் பூங்காவுக்குப் போலாம்" என்றான். அவள் பயப்படவில்லை. லீவு நாள் கூட்டம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் கால் கடுக்க நிற்க வேண்டும். 'இந்த வரிசையில யாரு நிக்கிறது, நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்' என்று சொன்னால் யாரும் இரண்டாம் பேச்சுப் பேச மாட்டார்கள். அந்த வரிசையை நம்பித்தான் கிளம்பி வந்தாள்.

உள்ளே நுழைந்ததும் புருஷன் மூன்று பேரையும் ஓர் ஓரமாக நிறுத்தினான். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலு பச்சைப் பட்டைகளை எடுத்தான்.

"என்னடா இது, ஆஸ்பத்திரியில கட்டுற மாதிரி?" என்றாள் மாமியார்.

"வரிசையே கிடையாதும்மா! நாலு பேருக்கும் வாங்கிட்டேன். ராஜா மாதிரி போறோம், ஏறுறோம், வர்றோம்."

"அண்ணா! இது டிக்கெட்டை விட அதிகமாச்சே!" என்று பட்டாசு வெடித்தாள். "திருடினியா?"

"ஓவர்டைம் பார்த்தேண்டி." பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "போன தடவைக்கப்புறம் நீ சிரிக்கவே இல்ல. உனக்குத்தான் ராட்டினம்னா உசுராச்சே. கல்யாணம் ஆன புதுசுல அந்தத் தொட்டில்ல இருந்து எறங்க மாட்டேன்னு அடம்பிடிச்சியே. இன்னிக்கு ஆசை தீர ஏறு" என்றான்.

அவளே கையை நீட்டினாள். வேறு என்ன செய்வாள்? அவன் பட்டையைச் சுற்றி அழுத்தினான், 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அறுத்தால்தான் கழலும், அறுத்தால் பாஸ் செல்லாது.

என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். மயக்கமாக இருக்கிறது என்றால்? ஒரு மருமகள் மயக்கம் என்றால் மாமியாருக்கு விளக்கியா சொல்ல வேண்டும்! குமட்டுகிறது என்றால் அதைவிட மோசம். களைப்பு என்றால், 'எத்தனை நாளா?' என்று கேள்வி வரும். வீட்டுக்குத் தூரம் என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பொய்யைப் போன வாரமே செலவழித்துவிட்டாள். பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள். உலகத்தில் உள்ள சாக்கெல்லாம் அவளை அந்த ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விட்டது. அப்படிக் காட்டிக் கொடுக்காத சாக்கு வரிசை ஒன்றுதான், அதையும் புருஷன் ஆசையாக விலைக்கு வாங்கிவிட்டான்.

கடையிலிருந்து போன் வந்தது என்று நழுவலாம் என்று பார்த்தால், "தண்ணியில நனைஞ்சிடும்" என்று பட்டாசு எல்லார் போனையும் பிடுங்கி லாக்கரில் பூட்டிவிட்டாள்.

முதலில் பெரிய பாம்பு ராட்டினம். வானத்துக்கும் பூமிக்கும் தண்டவாளம் போட்டு, ரயில் மாதிரி பெட்டிகளை அதில் தலைகீழாக விரட்டுவார்களே, அதுதான். இரண்டு வழிகள் இருந்தன. பொது வழியில் ஜனம் சுருள் சுருளாக நின்றது. குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருந்தன, ஒரு மனிதர் நின்றபடியே தூங்கினார். அந்த வழியில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்னக் கதவு இருந்தது. பயந்தவர்கள், பாத்ரூம் போகிறவர்கள் அதில் நழுவினார்கள். கண்ணாடிக்காரி அந்தக் கதவுகளைப் பார்த்தாள், நாமெல்லாம் பசியில் சோற்றைப் பார்ப்போமே, அப்படி.

பச்சைப் பட்டைக்காரர்களுக்குத் தனிச் சந்து. சுழல் கம்பியில் பட்டையைக் காட்டினதும் அது ஒரு சுற்றுச் சுற்றி ஆளை உள்ளே தள்ளிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அது உள்பக்கம்தான் சுற்றும், வெளிப்பக்கம் சுற்றாது. தலைக்கு மேல் தகரக் கூரை, இரு பக்கமும் நெஞ்சுயரக் கம்பி. வளைவும் இல்லை, கதவும் இல்லை. சீக்கிரம் போகப் பணம் கட்டினவர்களுக்குப் பாதியில் வெளியேற வழி எதற்கு என்று கட்டினவன் நினைத்திருப்பான்.

"பாத்தியா, எப்படி!" என்றான் புருஷன். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் முறைத்தார்கள். ஒரு கிழவர், "போங்க, போங்க, கொடுத்து வச்சவங்க" என்றார். இவளுக்கு அவரோடு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

மாமியார் மட்டும் பேச்சைக் குறைத்திருந்தாள். மேலே பெட்டி இரைந்துகொண்டு போகும்போதெல்லாம் மருமகள் கையைப் பிடித்தாள்.

"அத்தை, பயமா இருந்தா சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் இருந்துடலாம்" என்று மெல்லக் கேட்டாள் கண்ணாடிக்காரி. அந்த நிமிஷம் அவளுக்கு உலகத்திலேயே பிடித்த மனுஷி மாமியார்தான்.

"பயமா? எனக்கா?" மாமியார் முதுகை நிமிர்த்தினாள். "இதெல்லாம் எனக்கு ஊஞ்சல் மாதிரி. புள்ள கஷ்டப்பட்டு வாங்கியிருக்கான், ஏறாம இருப்பேனா?"

அந்த வாசலும் மூடிக்கொண்டது.

மேடைக்கு வந்துவிட்டார்கள். புருஷனும் பட்டாசும் முதல் பெட்டிக்கு ஓடினார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் பின் பெட்டி. மேடையில் நின்ற பெண், காலையிலிருந்து ஆயிரம் தடவை சொன்னதை ராகம் போட்டுச் சொன்னாள்: "இதய நோய், முதுகு வலி உள்ளவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க ஏறக் கூடாது. யாராவது இருக்கீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். மாமியார் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரி ஒரு காலை உள்ளே வைத்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம், இறங்குகிறவர்களுக்கான மேடை காலியாகக் கிடந்தது. மேலே தொங்கிய இரும்புச் சட்டம் கீழே வரத் தொடங்கியது. தோளைக் கவ்வி, வயிற்றோடு அழுத்திப் பூட்டுகிற சட்டம்.

அவள் உட்காரவில்லை. ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, மாமியார் முழங்காலைத் தாண்டி, பெட்டியைக் கடந்து அந்தப் பக்கத்து மேடையில் போய் நின்றுவிட்டாள்.

"ஏய்! எங்கடி போற?" என்று கேட்டுக்கொண்டே மாமியாரும் சட்டத்துக்கு அடியில் குனிந்து பின்னாலேயே குதித்தாள். அந்த வயதில் அந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "நீ எறங்கிட்டா நான் மட்டும் எதுக்கு? உனக்குத் துணைக்குத்தான் எறங்கினேன், தெரிஞ்சுக்கோ."

பெட்டிகள் காலி இடத்தோடு கிளம்பிப் போயின. இருவரும் கீழே வந்து நின்றார்கள். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏறினதாவே சொல்லிடுவோம்" என்றாள். "அவன் மனசு கஷ்டப்படும்."

"சரி அத்தை."

கொஞ்ச நேரத்தில் தலையெல்லாம் கலைந்து புருஷனும் பட்டாசும் ஓடி வந்தார்கள். "எப்படிம்மா இருந்துச்சு?"

"அப்பப்பா! வயித்தைக் கலக்கிடுச்சுடா! அந்த மேல போய்க் கீழ வருதே, அங்க எனக்கு உசுரு போயிட்டு வந்துச்சு."

ராட்டினம் ஓடும்போதே ஆளைப் போட்டோ எடுத்துத் திரையில் காட்டுவார்கள், பாஸ் வாங்கினவர்களுக்கு அது இலவசமாம். பட்டாசு திரைப்பக்கம் ஓடினாள். அங்கிருந்தே கத்தினாள்: "அம்மா! இங்க வந்து பாருங்க! உங்க சீட்ல காத்து உக்காந்திருக்கு! அண்ணி சீட்ல அதோட தம்பி!"

மாமியார் அசரவில்லை. "இவதான் பயந்துட்டா. துணைக்கு எறங்கினேன்."

"இவளா? பயந்தாளா?" என்றான் புருஷன்.

கேட்டுவிட்டு அப்படியே நின்றான். அவன் பார்வை போட்டோவிலிருந்து பெண்டாட்டி மேல் வந்தது. பட்டாசு சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணி... உடம்பு ஏதாவது...?" என்று இழுத்தாள். தான் சொன்ன பொய்யில் தானே தடுக்கின மாதிரி, மாமியாரும் திரும்பி மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று பேர், ஆறு கண்கள். கேள்வி வெளியே வர இன்னும் ஒரு மூச்சுதான் பாக்கி. வந்துவிட்டால் முடிந்தது. இல்லை என்றால் பொய், ஆமாம் என்றால் நாளைக்குத் தெருவுக்கே தெரிந்துவிடும்.

"அடுத்தது தண்ணி ராட்டினம்தான், சும்மா சறுக்கும்" என்றான் புருஷன், கெஞ்சுகிற குரலில். "அது ஏறலாமில்ல?"

கண்ணாடிக்காரி எல்லாச் சாக்குகளையும் மறுபடி ஒரு முறை தடவிப் பார்த்தாள். எல்லாம் பழைய சாவிகள், எல்லாம் அதே பூட்டைத்தான் திறந்தன.

"நான் வரல" என்றாள்.

"ஏன்?"

"வரல. எதுக்குன்னு கேக்காதீங்க. நீங்க வாங்கிக் கொடுத்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா இன்னிக்கு நான் எதுலயும் ஏற மாட்டேன். காரணமும் சொல்ல மாட்டேன்."

கல்யாணம் ஆகி வந்த நாளாக அந்த வீட்டில் அவள் காரணம் சொல்லாமல் எதையும் மறுத்ததில்லை. காபி வேண்டாம் என்றால்கூட ஏன் வேண்டாம் என்று இரண்டு வாக்கியம் சொல்வாள். புருஷன் முகத்தில் தெரிந்த அடி அவளுக்கும் வலித்தது.

மாமியார்தான் எப்போதும் கேட்பவள். யார் வீட்டில் என்ன குழம்பு என்பதிலிருந்து யாருக்கு எப்போது தள்ளிப் போயிற்று என்பது வரை கேட்காமல் தூங்காதவள். அவள் தொண்டை வரைக்கும் ஏதோ வந்ததைக் கண்ணாடிக்காரி பார்த்தாள். மாமியார் அதை விழுங்கினாள்.

"அவ வரலைன்னா வரல, விடுடா" என்றாள். "நீயும் தங்கச்சியும் போயிட்டு வாங்க. எனக்கும் கால் வலிக்குது."

இருவரும் போனார்கள். அவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

மரத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். எதிரே பொது வரிசை, நின்ற இடத்தில் நின்றது. சின்னக் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா, அழுகிற பையனோடு வெளியே வந்தாள்.

"இன்னும் எத்தனை ராட்டினம் இருக்காம்?" என்றாள் மாமியார்.

"அஞ்சாறு இருக்கும் அத்தை. பாஸ் சாயங்காலம் வரைக்கும் செல்லும்."

"திரும்பி வந்து கூப்பிடுவான். பாசக்காரப் பய, விட மாட்டான்."

மாமியார் கைப்பையைத் துழாவினாள். சீப்பு, மாத்திரை, பழைய பில் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து நகவெட்டி ஒன்றை எடுத்தாள்.

"கையை நீட்டு."

"அறுத்தா செல்லாது அத்தை."

"நீட்டுன்னா நீட்டு."

பச்சைப் பட்டையை நகவெட்டியால் ஓரத்திலிருந்து கொறிக்க ஆரம்பித்தாள். கெட்டியான பிளாஸ்டிக். எலி கயிற்றைக் கடிக்கிற மாதிரி கடித்துக் கடித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, கடைசியில் அறுத்தே விட்டாள். மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. மாமியார் அதைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டாள், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம். பிறகு நகவெட்டியை மருமகள் கையில் வைத்து, தன் கையை நீட்டினாள்.

"இதையும் வெட்டு."

"நீங்க பயப்படலைன்னு சொன்னீங்களே?"

"யாருடி பயந்தா? வெட்டு, சீக்கிரம், வந்துடப் போறான்."

சொட்டச் சொட்ட நனைந்து புருஷனும் பட்டாசும் வந்தபோது இரண்டு பட்டைகளும் பெஞ்சின் மேல் கிடந்தன. அவன் ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

"என்னம்மா இது?"

"அறுந்து போச்சுடா."

"ரெண்டுமா?"

"மட்டமான சாமான்" என்றாள் மாமியார், பையை மூடிக்கொண்டே. "இதுக்குப் போய் இவ்வளவு காசு கொடுத்தியா நீ?"