மருதாயியின் பூனை

நாகலூர்ப் பக்கத்து காப்பி எஸ்டேட்டில் லயன் வீடுகளின் வரிசையில் கடைசி வீடு மாதப்பனுடையது. மனைவி மருதாயி இறந்த மறுவருஷம் கண்ணாயியை இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு அங்கே கூட்டிவந்தான். அவளுக்கு முன்பே அந்த வீட்டில் ஒரு பூனை இருந்தது. மருதாயி குட்டியாக எடுத்து வளர்த்தது. வந்த நாளிலிருந்து கண்ணாயிதான் அதற்குச் சோறு வைத்தாள். குளிர்காலத்தில் அவள் காலடியில்தான் அது சுருண்டு படுக்கும். மருதாயியைப் பற்றி மாதப்பன் பேசுவதே இல்லை. அவளும் கேட்டதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் மழை விட்டபிறகு பூனையின் போக்கு மாறியது. அதற்குள் நல்ல கிழமாகியிருந்தது. தின்ற வாயை நக்கி முடிக்கும் முன்பே பசிக்கிறது என்று மறுபடி கத்தியது. அடுப்புச் சாம்பலில் மூத்திரம் பெய்தது. கூடைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து, பின்வாங்கத் தெரியாமல் நின்றது. பொழுது சாய்ந்தால் அடுப்புக்கு எதிர்ச்சுவரின் முன்னால் போய் உட்காரும். ஒன்றுமில்லாத அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்து அடிவயிற்றிலிருந்து அழும். ஒருநாள் கண்ணாயி அதைத் தூக்கப் போனாள். அவள் யாரென்றே தெரியாததுபோலப் பார்த்தது. சீறிக் கையைக் கீறிவிட்டது.

பக்கத்து வீட்டுக் காவேரி அந்தக் கீறலைப் பார்த்தாள். "நம்ம கண்ணுக்குத் தெரியாதது பூனைக்குத் தெரியும் கண்ணு. மருதாயிதான் வந்து நிக்கறா. அவ ஊட்டுக்கு அவ வராம வேற யாரு வருவா?"

அவ ஊடு. அந்தச் சொல் கண்ணாயிக்குள் இறங்கித் தங்கிவிட்டது. அதன்பிறகு அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளால் சமைக்க முடியவில்லை. பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. மாதப்பனைப் பார்த்தால் இன்னும் பயமாக இருந்தது. பூனை அழத் தொடங்கியதும் அவன் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் வேலைக்குப் போகாமல், பூனையைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் பாக்கியநாதன் அதன் கண்ணையும் பல்லையும் வயிற்றையும் பார்த்தார்.

"பெருசா நோவு ஒண்ணும் தெரியலம்மா. வயசுதான். மனுசங்களுக்குப் புத்தி தடுமாறுதில்ல, அந்த மாதிரி. எங்கப்பா கடைசியில எங்கம்மாவையே யாருன்னு கேட்டாரு. இருக்கற ஊடு மறந்துபோயி, எப்பவோ இருந்த ஊட்டுல இருக்கறதா நெனைச்சுக்கும்."

"அப்ப வேற யாரும் வந்து நிக்கலீங்களா சார்?"

அவருக்குக் கேள்வி புரியவில்லை. "யாரு வருவாங்க? சாமானெல்லாம் இடம் மாத்தாம வையுங்க. அது பழகின மாதிரியே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் டாக்டர் சொன்னதையெல்லாம் கண்ணாயி மாதப்பனிடம் சொன்னாள். எப்போதோ இருந்த வீடு என்றதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இங்க ஒரு கதவு இருந்துச்சு" என்றான்.

"எங்கீங்க?"

அவன் அந்தச் சுவரைக் காட்டினான். "பொறக்கடைக் கதவு. அன்னிக்கு நொம்ப மழ. வெறகு எடுத்தாறேன்னு இதுவழியாத்தான் போனா. மரக்கெள முறிஞ்சு மேல உழுந்துருச்சு. அப்பறம் அந்தக் கதவ என்னால பாக்க முடியல. நானே கல்லு வெச்சு அடைச்சுப் பூசிட்டேன்."

இத்தனை வருஷம் ஒரு கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமைத்திருக்கிறோம் என்று கண்ணாயி அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பூனை அப்போதும் அழுதுகொண்டிருந்தது.

"தெறந்து உட்ருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கடப்பாரையை எடுத்தான். கல் விழ விழ வெளிச்சமும் பனியும் உள்ளே வந்தன. பூனை மெல்ல நடந்துவந்து வாசற்படியை மோந்தது. பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றோடு அழுகை நின்றது.

ஆனால் முன்வாசல் வழியாகக் கண்ணாயி வந்தால் அது இன்னும் சீறியது. பின்வழியாக வந்தால் மட்டும் எழுந்து வந்து காலைச் சுற்றிக் குழைந்தது. அது யாரென்று நினைத்துக் குழைகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே பின்வழியாக வரப் பழகிக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் பூனை அவள் மடியில் செத்துப்போனது. மாதப்பன் அதைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே புதைத்துவிட்டு வந்தான். பின்வழியாக வரும் பழக்கம் மட்டும் அவளை விடவில்லை.

தை பிறந்தபிறகு ஒரு சாயங்காலம், பனி கனத்திருந்த நேரத்தில் விறகுக்கட்டோடு அவள் பின்வாசல் படியேறினாள். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மாதப்பன் தலைநிமிராமல் கேட்டான்.

"வெறகு நனைஞ்சிருச்சா, மருதாயி?"

தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. மறுபடி அடுப்பை ஊதினான். கண்ணாயி வாசற்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை.

"நனையலீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.