இரட்டை முடிச்சு

...தெரியாமல் செய்திருப்பான் என்று எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் மனம் கேட்க மாட்டேன் என்கிறதே, காப்பார் சாலையில் லோரிகளுக்கு நடுவே கம்பெனி வேன் நின்றுவிட்டது, குமுதாவின் மடியில் அண்ணன் சுகுமாறனின் அழுக்குச் சீருடைப் பை, காலையில் அவ்வளவும் கேட்ட பிறகும் வழக்கம்போல அவள் சீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறானே... பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்த பெண் என்ன சொன்னாள், சாயத்தில் நாம் கலக்கிற கறுப்புப் பொடி நானோ பொடியாம், கண்ணுக்கே தெரியாதாம், இந்தத் துணி மாஸ்க்கெல்லாம் அதற்கு வெறும் சல்லடையாம், நெஞ்சுக்குள் போய்த் தங்கினால் என்னென்ன செய்யும் என்று இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாதாம், "வேலைத் துணிய யாரும் வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க, பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா கண்டிப்பா கூடாது" என்றாள், பிறகு சிரித்துக்கொண்டே, "சூப்பர்வைசருக்கு இதெல்லாம் தெரியும், போன வருஷமே செராஸ்ல கோர்ஸுக்கு வந்தாரு, இல்லையா சார்?" என்றாள். சுகுமாறன் தலையாட்டினான். குமுதாவின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

போன வருஷம்... செராஸ் போய் வந்த மறுவாரம்தானே முதல் பையைக் கொடுத்தான், "அண்ணி பச்சை உடம்புக்காரி, அவளால முடியலலா, உன் துணியோட சேர்த்துத் துவைச்சுக் கொடேன்", கேட்டதும் இவளுக்கு என்ன பூரிப்பு, அண்ணனுக்கு இன்னும் நான் வேண்டியவள்தான் என்று... வேலை முடிந்ததும் கம்பெனியிலேயே குளித்து வேறு சட்டை மாற்றிக்கொண்டு போவானே, "கல்யாண மாப்பிள்ளை கிளம்பிட்டாரு" என்று கேலி செய்தாளே, அவனும் கூடச் சிரித்தானே, பாவி, எப்படிச் சிரித்தான்? அவன் பிள்ளைக்கு ஆகாதது என் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா? கிள்ளானில் வேன் சத்தம் கேட்டதும் ஷாமினி ஓடி வருவாள், இந்த வேலைச் சட்டையோடு சேர்த்து இவள் இடுப்பைக் கட்டிக்கொள்வாள், மாமா பையை அவள்தான் வாங்குவாள், ஒவ்வொரு சட்டையாக உதறி மெஷினில் போடுவது அவள் வேலை, இந்த வயதில் என்ன பொறுப்பு என்று இவளே ஊரெல்லாம் பெருமை பேசினாள்...

போன் அதிர்ந்தது. அண்ணனின் மெசேஜ்தான். "பைய வேன்லயே விட்டுடாதலா, நாளைக்கு வேணும்." அவ்வளவுதான். சன்னல் வழியே தூக்கி எறிந்துவிடலாமா, எறிந்தால் யார் வீட்டுப் பிள்ளை எடுக்குமோ... வேன் நகர்ந்தது, பை சரியாமல் அவள் கை முடிச்சைப் பற்றிக்கொண்டது. ஒருநாளும் அவன் ஒற்றை முடிச்சுப் போட்டதில்லை, துணி கீழே விழாமலிருக்கத்தான் என்று நினைத்திருந்தாள். ஷாமினியின் சின்ன விரலுக்கு அது அவிழாது. பல்லால் கடித்துத்தான் இழுப்பாள்.