ஒரே பைதான்

பொட்டலம் கட்டுவது என் தொழில். ஈப்போவில் ஒரு கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டிக்குள் பெட்டியை அடுக்குகிறவனுக்கு எட்டு மாதக் குழந்தையின் பை எம்மாத்திரம்?

அன்று காலை குனோங் ராபாட்டில் உள்ள எங்கள் வீட்டில் என் மனைவி தினேஸ்வரி மூன்று பைகளைக் கட்டி வைத்திருந்தாள். தஞ்சோங் மாலிமில் அவளுக்கு ஆசிரியர் வேலைக்கான நேர்முகம். பாப்பா வயிற்றில் இருந்தபோது ஒரு தடவை கைவிட்டுப்போன வாய்ப்பு. குழந்தையை நான் காரில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

“அரை நாளுக்கு மூணு பையா? வீடு மாறியா போறோம்?”

அவள் குளிக்கப் போன நேரத்தில் மூன்றையும் ஒன்றாக்கினேன். உள்ளே அவளுடைய துவைக்காத கஃப்தான் அங்கி ஒன்று கசங்கிக் கிடந்தது. அழுக்குத்துணியைக்கூடக் கவனிக்காமல் கட்டியிருக்கிறாளே என்று சிரித்துக்கொண்டே துவைக்கும் இயந்திரத்தில் போட்டு, பொத்தானையும் அழுத்தினேன். இப்படி ஒரு கணவன் யாருக்குக் கிடைப்பான்!

வழியெல்லாம் அந்த ஒற்றைப் பையைப் பற்றியே பீற்றிக்கொண்டு வந்தேன். பீடோர் பெட்ரோல் நிலையத்தில் அவள் பயணத்துக்குப் போட்டிருந்த தொளதொள மலாய் உடையான பாஜு கூரோங்கை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டாள்.

நேர்முகக் கட்டடத்தின் முன் இறங்கும்போதுதான் சொன்னாள்: “தூக்கம் வந்தா சிணுங்குவா. பையில என் பழைய கஃப்தான் இருக்கு, போத்தி விடுங்க. என் வாசம் இல்லாம தூங்கமாட்டா லா. அவ அழுற சத்தம் கேட்டா பாதியில எழுந்து வந்துருவேன், சொல்லிட்டேன்.”

“நீ போ லா, நான் பார்த்துக்கிறேன்,” என்றேன். உண்மையைச் சொல்லும் தைரியத்தையும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு வந்திருந்தேன் போலும்.

சற்று நேரத்தில் பாப்பா தொடங்கினாள். பால் கொடுத்தேன், தட்டிவிட்டாள். பாடினேன், பயந்துபோய் இன்னும் வீறிட்டாள். நேர்முகம் நடக்கும் மாடி அறையின் சன்னல் திறந்திருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மேதாவித்தனத்தால் அவள் வேலை போகப்போகிறதே என்று எனக்கே அழுகை வந்துவிட்டது.

பின் இருக்கையில் அந்த பாஜு கூரோங் கிடந்தது. போர்த்திப் பார்த்தேன், உதறினாள். வெறும் துணி போதாது, உள்ளே ஆளும் வேண்டும் போல. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தலைவழியாக மாட்டிக்கொண்டேன். கத்தரிப்பூ நிறம், பெரிய பெரிய பூக்கள். அக்குளில் தையல் பிரிந்தது. பாப்பா என் மார்பில் மூக்கைத் தேய்த்துவிட்டு அடங்கினாள். உட்கார்ந்தால் விழித்தாள். அதனால் கார் நிறுத்துமிடம் முழுக்க நடந்தேன், மீசையோடு.

தினேஸ்வரி இறங்கி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“அழுற சத்தம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. எழுந்துட்டேன். சன்னல் வழியா பார்த்தா நீங்க!” சிரித்துச் சிரித்துத்தான் கண் கலங்கியிருக்கிறது. “வேலைக்கு வந்தா கைக்குழந்தைய யாரு பார்த்துக்குவான்னு அப்பதான் அதிகாரிங்க கேட்டாங்க. சன்னலுக்கு வெளிய உங்களக் கையக் காட்டினேன். அந்த அக்கா நல்லா பார்த்துக்கிறாங்களேன்னாங்க. அக்கா இல்ல, என் புருஷன்னு சொல்லிட்டு, உக்காந்து மிச்சக் கேள்விக்கெல்லாம் நிம்மதியா பதில் சொன்னேன்.”