சாட்சி சொல்லப் போன மாத்திரை

1

இந்தக் கதை எனக்கு லிஃப்டில் கிடைத்தது. மேல்மாடி வீட்டு நர்ஸ், கையில் காய்கறிப் பையோடு நின்றவர், "இன்னிக்கு ஒரு பொண்ணு கேமராவை முழுங்கினா" என்றார். கதவு திறந்தது, இறங்கிவிட்டார். மீதியைப் பிறகு நச்சரித்துக் கேட்டு வாங்கினேன். அவர் சொல்லாததை நானே இட்டு நிரப்பியிருக்கிறேன். எது எதென்று கேட்காதீர்கள்.

முதலில் எழுதிய வரி: 'உடலின் இருண்ட பாதைகளில் ஒரு சிறு ஒளி'

(அடித்துவிட்டேன். விளம்பரம் மாதிரி இருந்தது.)

2

வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. பத்து வயது. சீருடை மாட்டும் நேரத்தில் வயிறு வலிக்கும். லீவு நாளிலும் வலித்தது. அது மட்டும் யார் நினைவிலும் தங்கவில்லை.

அம்மாவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. வைத்தியச் செலவு கேட்டு வருகிறவர்களில் யார் சொல்வது நிஜம், யார் விடுவது புருடா என்று பிரிப்பவள். (இந்த வேலை கதைக்கு ரொம்ப வசதி என்பது எனக்கும் தெரியும். அவளைத் தையல்காரியாக்கிப் பார்த்தேன்; சந்தேகம் ஒட்டவில்லை.)

"நாளைக்குக் கணக்குப் பரீட்சைன்னா இன்னிக்கே இவ வயித்துக்குத் தெரிஞ்சிடுது" என்பாள்.

அப்பா லாரி ஓட்டுகிறவர், பெரும்பாலும் வெளியூர். போனில், "வாலு, அம்மாவைப் படுத்தாதே" என்பதோடு சரி.

பிறகு மகள் வெளுத்துப்போனாள். ரத்தம் குறைந்திருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழ்வழியாகவும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்று அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. முகம் சொன்னது. மகளுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியும்.

3

"ரெண்டு குழாயும் எட்டாத இடம் நடுவுல இருக்கும்மா. சிறுகுடல்" என்றார் டாக்டர். "அதை முழுசாப் பாக்க இந்த மாத்திரைதான் வசதி. போற வழியெல்லாம் படம் எடுத்து அனுப்பும்."

வழியில் அடைப்பு இருந்தால் மாத்திரை சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில், சிக்கினால் தானே கரைந்துவிடும் வெற்று மாத்திரை ஒன்றை அனுப்பிப் பார்த்தார்கள். அது நல்லபடியாக வெளியே வந்தது. வீட்டில் அம்மா மிட்டாய்களை விழுங்கவைத்துப் பழக்கினாள், சின்னதிலிருந்து பெரிதாக.

அன்று இடுப்பில் பெல்ட், அதில் படங்களை வாங்கிக்கொள்ளும் பெட்டி. உள்ளங்கையில் மாத்திரை மினுக்மினுக்கென்று கண் சிமிட்டியது.

"இதுலயும் ஒண்ணும் இல்லன்னு வந்தா?" என்றாள் வாலு.

"நல்லதுதானே."

"எனக்கா? நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்து

(இல்லை. தடவவில்லை. தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.)

வாலு ஓங்கரித்து மாத்திரையைத் துப்பினாள். மறுபடியும் துப்பினாள். "மயக்கம் குடுத்து நாங்களே உள்ள வெச்சிடலாம்" என்றார் டாக்டர்.

"வேணாம். நானே" என்றாள். அடுத்த முறை இறங்கிவிட்டது.

4

சில நாள் கழித்து, டாக்டரின் திரையில் குடலின் இளஞ்சிவப்புச் சுவர். அதில் வெள்ளை படிந்த புண்கள், ஒன்றை அடுத்து ஒன்று. ரத்தம் அங்கிருந்துதான் கசிந்துகொண்டிருந்தது.

"வலிச்சிருக்கும்" என்றார் டாக்டர். "நல்லாவே வலிச்சிருக்கும்."

மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். (மாத்திரை தானாக வெளியே வந்துவிட்டது. எல்லாரும் கேட்கும் கேள்வி என்பதால் சொல்லிவைக்கிறேன்.)

இங்கே அம்மா அழும் பத்தி ஒன்று இருந்தது. நர்ஸிடம் கேட்டேன்: "அழுதாங்களா?"

"இல்ல. மூக்குக்கண்ணாடியைத் துடைச்சாங்க. துடைச்சுக்கிட்டே இருந்தாங்க."

பத்தியை எடுத்துவிட்டேன்.

5

வெளியே வந்ததும் வாலு அம்மாவின் போனைப் பிடுங்கினாள்.

"அப்பா! எனக்கு நிஜமாவே நோய் இருக்கு! படத்துல வந்திருக்கு!"

கோப்பை ஜெயித்த குரல். நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாப்பா... மருந்து இருக்காம்... அம்மாவா? பக்கத்துலதான் இருக்கா." போனைக் காதிலிருந்து எடுத்தாள். "அம்மா, அப்பா கேக்குறாரு. நீ என்ன சொன்னேன்னு."

நான் மூன்று பதில்கள் எழுதினேன். முதலாவது மன்னிப்பு, சினிமாவாக இருந்தது. இரண்டாவது, 'டாக்டர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்னு சொல்லு'. அது அவளுடைய அலுவலகக் குரல். மூன்றாவது மௌனம். அது அவளுடையதல்ல, எனக்கு எழுத வராததால் வந்தது.

நர்ஸுக்கும் தெரியாது. அதற்குள் அடுத்த குழந்தைக்காக அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

வாலு போனை நீட்டியபடி நிற்கிறாள். அந்தப் பக்கம் லாரி ஓரங்கட்டி நிற்கிறது. உங்களிடமும் யாராவது எப்போதாவது 'வலிக்குது' என்று சொல்லியிருப்பார்கள். இந்த இடத்தை நீங்களே நிரப்புங்கள்:

"                    " என்றாள் அம்மா.